காந்தம் ஒட்டிய தகரம்

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டியதில்லை. சமையலறைக்குப் போய் ஓர் அலுமினியச் சட்டியில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் சட்டியே சொல்லிவிடும். இருபது வருஷமாக வண்டிப் பட்டறை நடத்துகிறேன் என்று மார்தட்டிக்கொள்ளும் மனிதனுக்கு அந்தச் சட்டிக்குத் தெரிந்தது தெரியவில்லை. சரி, போகட்டும், தெரியாதது ஒரு குற்றமா? தெரியாமல் கெடுத்துவிட்டு, அந்தப் பழியைத் தூக்கிக் கூடப் பிறந்தவள் தலையில் கட்டினானே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அந்தத் தங்கையைப் பட்டறைப் பக்கம் எல்லோரும் டயலு என்றுதான் கூப்பிடுவார்கள். டயல் கேஜ் இல்லாமல் அவள் எந்த எஞ்சினையும் மூடியதில்லை என்பதால் வந்த பெயர். டயல் என்பது கடிகாரம் போல முகத்தில் முள் ஓடும் ஓர் அளவுக்கருவி. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி மயிரிழை அசைந்தாலும் முள் காட்டிக் கொடுத்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு, ஸ்டாண்டின் காலில் கனமான காந்தம். இரும்பின் மேல் வைத்து விசையைத் திருப்பினால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பழைய எஞ்சின்களில் எங்கே வைத்தாலும் இரும்புதான். இப்போது வருகிறவற்றில் மேலே மூடியிருக்கிற ஹெட்டும் அலுமினியம், அடியில் பிஸ்டன் ஓடுகிற பிளாக்கும் அலுமினியம். காந்தம் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகவே டயலு விரல் தடிமனில் ஓர் இரும்புத் தட்டை அறுத்து, அரத்தால் ராவி, துளை போட்டு வைத்திருந்தாள். ஹெட்டில் ஏற்கெனவே இருக்கிற போல்ட் துளையில் தட்டை இறுக்கி, தட்டின் மேல் காந்தத்தை உட்கார வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனுக்குச் சிரிப்பு.

"என்ன, எஞ்சினுக்குச் சாப்பாடு போடப் போறியா? தட்டு வைக்கிற!"

அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். சிரித்துச் சிரித்தே காலம் ஓடியிருக்கிறது. வண்டிக்காரர்களிடம் பேசுவது அண்ணன், எஞ்சினைத் திறப்பது தங்கை என்று தானாகவே ஓர் ஏற்பாடு அமைந்துவிட்டது. வேலை நன்றாக முடிந்தால் "நம்ம பட்டறை வேலைன்னா சும்மாவா?" என்பான் அண்ணன். அந்த "நம்ம"வில் அவளும் இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று காலை அவள் மாடி வீட்டிலிருந்து இறங்கும்போதே கீழே வேன்காரக்காவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற சொந்த வேன் அவளுடையது. ஹெட் சூடேறி வளைந்துபோய், கடைசலில் கொடுத்து மட்டம் சீவி வந்திருந்தது. இந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளை வேறு வண்டிக்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? வாம்மா," என்றாள் வேன்காரக்கா. இடுப்பில் இரண்டு கையும். "உன்னை நம்பித்தானே வண்டிய விட்டேன்? நல்லா பண்ணிட்ட!"

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? வால்வெல்லாம் வளைஞ்சு போச்சாம். நீ டைமிங்கத் தப்பா வச்சுட்டு அவசர அவசரமா கிளம்பிட்டியாம். பாவம், உங்க அண்ணன் உன்னை நம்பிச் சாவியத் திருப்பியிருக்காரு. டொக்கு டொக்குன்னு அடிச்சுட்டு நின்னுடுச்சாம்."

டைமிங் என்றால் பிஸ்டன் ஏறி இறங்குவதோடு வால்வு திறந்து மூடுவதைப் பொருத்தி வைப்பது. டயலு அண்ணனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரில் ஏதோ எழுதியிருப்பது போல அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான் டைமிங்கே வைக்கலையே?"

"வைக்காமயா? கேம் பல்சக்கரத்தப் போட்டது யாரு, நானா?"

"போட்டேன். கையாலதான் திருகி வச்சேன், இறுக்கவே இல்ல. துணி கட்டிட்டுத்தானே போனேன்?"

"துணியா? எந்தத் துணி? நான் ஒண்ணும் பாக்கல."

அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. வேலை பாதியில் நிற்கிற எஞ்சினின் கிராங்க் போல்ட்டில், அதாவது எஞ்சினைக் கையால் சுழற்ற ஸ்பேனர் போடுகிற இடத்தில், ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அந்த முறையைக் கொண்டுவந்ததே அண்ணன்தான். டயலு தன் பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கிழித்து வைத்திருந்தாள். நேற்று மதியம் அதைத்தான் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போனாள். போனது எங்கே? ஊர் சுற்றவா? அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அம்மா இரண்டு பேருக்கும் அம்மாதான். ஆனால் ஆஸ்பத்திரி வரிசை மட்டும் எப்போதும் அவளுக்கு. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, அம்மாவைத் தாங்கிப் பிடித்து நேராக மாடிக்கு ஏறிவிட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஃபோனை எடுத்து பார்ட்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டான்.

"ஒரு செட் வால்வு வேணுமே... ஆமா, வளைஞ்சுடுச்சு... இல்ல இல்ல, நான் இல்ல, தங்கச்சி கை வச்சுட்டா... அதானே, பொம்பளை அவசரம்!"

அந்தப் பக்கத்துச் சிரிப்பு இங்கே வரைக்கும் கேட்டது. வேன்காரக்கா முகத்தைச் சுளித்தாள். அவளும் பொம்பளைதானே! ஆனால் வண்டி நின்றுபோன கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு அண்ணன் தங்கையிடம் பெரிய மனசு பண்ணுகிறவன் போலச் சொன்னான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே நீ எஞ்சின் பக்கம் வர வேணாம். மேஜையில உக்காந்து ஃபோனப் பாத்துக்கோ. நான் பாத்துக்கறேன் எஞ்சின."

அடேயப்பா! என்ன ஒரு பெருந்தன்மை! ஒரே மூச்சில் அவள் பெயரையும் கெடுத்து, அவள் கையிலிருந்த வேலையையும் பிடுங்கி, அதற்கு நன்றி வேறு எதிர்பார்க்கிறான். டயலு நேற்று இருந்த நிலையை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒருவேளை இறுக்கிவிட்டேனோ? மறந்துவிட்டேனோ? அவன் அவ்வளவு அடித்துப் பேசியதில் அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இந்த மாதிரிப் பேச்சின் சாமர்த்தியம்.

மாடிக்குப் போனாள். அம்மா ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்தான் ஒன்று, காது இரண்டும் கூர்மை.

"கீழ என்ன சத்தம்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். விடு. அண்ணன்தானே சொன்னான்? நாலு பேர் முன்னாடி அவன் மானம் போனா நல்லாவா இருக்கும்?"

"என் மானம் போச்சேம்மா?"

"நீ பொறுத்துக்கிட்டா போகுது. நீதான் விட்டுக்கொடுக்கணும்."

விட்டுக்கொடுக்கணுமாம்! எதை? நேற்று நாலு மணி நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்குக் கிடைத்த கூலி இது. டயலு பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் மருந்துச் சொட்டை எடுத்து, கட்டில்லாத கண்ணில் விட வேண்டிய துளியை விட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். பிறகு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

நேராகத் தன் கருவிப் பெட்டிக்குப் போனாள். பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்தாள். இரும்புத் தட்டு எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, முந்தைய வண்டி வேலை முடிந்து கட்டிய நூல் அவிழாமல், அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். இந்தத் தட்டைப் போடாமல் அவள் ஒருநாளும் இந்த மாதிரி எஞ்சினில் டயலை வைத்ததில்லை. அப்படியானால் டைமிங் வைத்தது அவள் இல்லை. சந்தேகம் தீர்ந்தது. கோபம் இரட்டிப்பாகியது.

டயலும் ஸ்டாண்டும் பொது அலமாரியில் இருப்பவை. ஸ்டாண்டை எடுத்துக் கவிழ்த்தாள். காந்தத்தின் அடியில் துருத் தூள் அப்பிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில், செதில் செதிலாக. அவள் தட்டில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. எஞ்சினைச் சுற்றிப் பார்த்தாள். அத்தனை அலுமினியத்துக்கு நடுவே துருப்பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புகைக்குழாயின் சூடு அடிக்காமல் மேலே மூடியிருக்கிற மெல்லிய தகரம். அதன் மேல் காந்தத்தின் கால் பதிந்த இரண்டு கோடுகள், துரு உரிந்து பளிச்சென்று தெரிந்தன.

நடந்தது முழுக்க அவள் கண்முன் ஓடியது. அவன் ஸ்டாண்டை ஹெட்டில் வைத்திருப்பான், வழுக்கியிருக்கும். பிளாக்கில் வைத்திருப்பான், வழுக்கியிருக்கும். கடைசியில் இந்தத் தகரத்தில் வைத்ததும் டக்கென்று ஒட்டியிருக்கும். ஒட்டிவிட்டது, போதும் என்று நினைத்திருப்பான்.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க," என்றாள் டயலு.

வேன்காரக்கா வந்தாள். அண்ணனும் பின்னாலேயே வந்தான். "என்ன பண்ணப் போற? தொடாதன்னு சொன்னேன்ல?"

"டைமிங் வைக்கப் போறதில்ல. கதை சொல்றேன், கேளு."

தகரத்தில் அந்த இரண்டு கோடுகளின் மேலேயே காந்தத்தை வைத்து விசையைத் திருப்பினாள். ஒட்டியது. டயலின் குச்சியை, ஸ்பார்க் பிளக் துளை வழியாக இறக்கிய நீட்டுக் கம்பியின் தலையில் உட்கார வைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, இந்தக் கம்பி பிஸ்டன் தலையில நிக்குது. பிஸ்டன் ஏறினா முள்ளு ஓடும். உச்சிக்கு வந்து திரும்புற இடத்த இந்த முள்ளுதான் சொல்லும். அந்த இடத்துல நிறுத்தி, வால்வத் தள்ளுற கேமப் பிடிச்சுக்கிட்டு, பல்சக்கரத்த இறுக்கணும். இந்த வண்டில சக்கரத்த நகராமப் பிடிக்கிற ஆப்பு கிடையாது, இறுக்கின இடம்தான் இடம். புரியுதா?"

"புரியுது, சொல்லு."

"இப்ப பிஸ்டன் அசையவே இல்ல. உங்க சுண்டுவிரலால இந்தத் தகரத்த லேசா அழுத்துங்க."

வேன்காரக்கா அழுத்தினாள். முள் சர்ரென்று ஒரு சுற்றே சுற்றி வந்தது.

"அய்யோ!" என்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"பிஸ்டன் நின்ன இடத்துலதான் நிக்குது. டயல் மட்டும் பொய் சொல்லுது. ஸ்பேனர் போட்டு கிராங்க்கத் திருப்புறப்ப முழங்கை இந்தத் தகரத்து மேல சாஞ்சா போதும். உச்சி எங்கேயோ இருக்கும், நாம எங்கேயோ இறுக்குவோம். பத்துப் பன்னிரண்டு டிகிரி போயிடும். ஏற்கெனவே ஹெட்ட வேற சீவியிருக்கு, இடைவெளி கம்மி. வால்வு இறங்கி பிஸ்டன் மண்டையில இடிக்காம என்ன செய்யும்?"

பிறகு தன் தட்டை ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கி, காந்தத்தை அதன் மேல் மாற்றினாள். "இப்ப உங்க பலம் முழுக்கப் போட்டு அழுத்துங்க."

வேன்காரக்கா உள்ளங்கையால் அழுத்தினாள். முள் குத்துக்கல் மாதிரி நின்றது.

பிறகு மெதுவாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள் வேன்காரக்கா. அண்ணனின் கழுத்து வேர்த்திருந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"சரி, தகரத்துல வச்சா தப்புதான். யாரு இல்லன்னா? நீதான் நேத்து அவசரத்துல தகரத்துல வச்சிருப்ப. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுன்னு பறந்துட்டு இருந்தியே!"

இதைக் கேட்டதும் டயலுவுக்குப் பேச்சே வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால், பிடித்தவள் கையையே காட்டுகிறான்! இப்படியும் ஒரு மனிதனால் பேச முடியுமா? அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். இவன் முன்னால் அழுதால் அதையும் "பொம்பளை" கணக்கில் எழுதிவிடுவான்.

அவள் பேசாமல் நின்றதைப் பார்த்து அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "நான் நேத்து சாயங்காலம் எஞ்சின் பக்கமே போகல. சாவியத் திருப்பினதோட சரி. வேணும்னா உங்க அண்ணியக் கேளு. ஏம்மா! கொஞ்சம் வா இங்க!"

அண்ணி படியிறங்கி வந்தாள். கையில் துணிக் கூடை. வாய் செத்தவள் என்று பெயர் எடுத்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பட்டறை விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நேத்து சாயங்காலம் நான் எங்க இருந்தேன்? மேல டீ குடிச்சுட்டுத்தானே இருந்தேன்? இவங்ககிட்டச் சொல்லு," என்றான் அண்ணன்.

அண்ணி அவனைப் பார்த்தாள். டயலுவைப் பார்த்தாள். எஞ்சினைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"டார்ச்சு பிடிச்சது நான்தானே," என்றாள்.

"என்ன உளர்ற?"

"உளரல. கை வலிக்குதுன்னு சொன்னப்ப, 'அசையாமப் பிடிடி'ன்னு கத்துனீங்களே? அப்ப அந்தக் கடிகாரம் மாதிரி இருக்கறது எங்கயும் ஒட்டலன்னு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியாதா? தகரத்துல ஒட்டினதும் 'பாத்தியா, தட்டும் வேணாம் ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்'னு சொன்னீங்க."

வேன்காரக்கா வாயில் கை வைத்தாள். அண்ணி நிறுத்துகிற மாதிரி இல்லை. எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தாளோ!

"துணிய அவுத்ததும் நீங்கதான். அதுலயே கைய வேற தொடச்சுட்டு என்கிட்டப் போட்டீங்க. துவைச்சுட்டேன். அதோ, காயுது."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடிக் கொடியில், அண்ணனின் இரண்டு சட்டைகளுக்கு நடுவே, அந்த மஞ்சள் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிரீஸ் கறை முழுசாகப் போகவில்லை.

அண்ணனும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கையின் அருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "சரி, நான்தான். வண்டி சாயங்காலம் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன், நீ வர லேட்டாச்சு. அதுக்கு? வீட்டு விஷயத்த வெளியாள் முன்னாடி வச்சுப் பேசணுமா? மேல போய்ப் பேசிக்கலாம், வா."

டயலு நகரவில்லை. அவளுடைய குரல் திரும்பி வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக வந்தது.

"பழிய வெளியாள் முன்னாடி போட்ட. உண்மைய மட்டும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கணுமா? அது எந்த ஊரு நியாயம்? லேட்டாச்சாம்! யாருக்காக லேட்டாச்சு? உன்னப் பெத்தவளுக்காக. தெரியாம வச்சியா, கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன். இடிச்சுடுச்சா, சேந்து சரிபண்ணியிருப்போம். யாரும் செய்யாத தப்பா அது? ராத்திரி முழுக்க யோசிச்சு, காலையில எழுந்து, என் பேரச் சொல்லணும்னு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"இந்த எஞ்சின யாரு இப்ப செய்யறது?" என்றாள் வேன்காரக்கா. "எனக்கு அதச் சொல்லுங்க முதல்ல. இவரு கை வச்சா நான் கயிறு கட்டி வண்டிய இழுத்துட்டுப் போயிடுவேன்."

"நான் செய்யறேன்க்கா," என்றாள் டயலு. "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு." மேஜையிலிருந்த ஃபோனை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். "பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட என்ன சொன்னியோ, அதத் திருப்பிச் சொல்லு. ஸ்பீக்கர்ல."

"அதெல்லாம் நேர்ல பாக்கறப்ப..."

"இப்ப."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி துணிக் கூடையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எண்ணை அழுத்தினான். மணி போயிற்று. எடுத்தார்கள்.

"சொல்லுப்பா, வால்வு எடுத்து வச்சாச்சு."

"அது... காலையில ஒண்ணு சொன்னேன்ல? தங்கச்சி தப்பு பண்ணிட்டான்னு." ஃபோனைக் கை மாற்றிப் பிடித்தான். "அவ இல்ல. டைமிங் வச்சது நான்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து சாவகாசமாக ஒரு சிரிப்பு.

"அட, அது எனக்கு அப்பவே தெரியுமே! உன் தங்கச்சி மூடுன எஞ்சின் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? அவ இப்படிப் பண்ண மாட்டான்னு அப்பவே நினைச்சேன்."

அண்ணன் அவசரமாக ஃபோனை வைக்கப் போனான். டயலு அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து ஃபோனுக்கு நேராகப் பேசினாள்.

"தெரிஞ்சுதான் சிரிச்சீங்களாண்ணே?"

டயலு தானே இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாடிக்குப் போய், கொடியிலிருந்த மஞ்சள் துணியை ஈரம் காயாமலேயே உருவிக்கொண்டு வந்து கிராங்க் போல்ட்டில் கட்டினாள். இந்த முறை மூன்று முடிச்சு.